பதினொரு பெட்டிப் புத்தகமும் ஒரு நாற்காலியும்

அண்ணாச்சிக்குக் கோபம். டீயை வாங்கி ஆற்றக்கூட இல்லை, அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டார். அவருடைய அப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், போன வருஷம் காலமானார். பாளையங்கோட்டை வீட்டு மச்சில் பதினொரு பெட்டி புத்தகம் கிடக்கிறது. தான் படித்த பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்கு அப்பா பெயரில் கொடுத்துவிடலாம் என்று கிளம்பியிருக்கிறார்.

“சும்மா கொடுக்கேன்னு சொல்லுதேன். முதல்ல லிஸ்ட் கொடுங்க, பாத்துட்டு வேண்டியதை மட்டும் எடுத்துக்கிடுதோம்ங்காங்க. லோடு ஆட்டோல ஏத்தி வாசல் வரைக்கும் போயிட்டேன் வே. திருப்பி அனுப்பிட்டாங்க. இதெல்லாம் ஒரு நூலகமா?”

நான் இருபத்தெட்டு வருஷம் வேறொரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்தவன். லோடு ஆட்டோக்களைத் திருப்பி அனுப்பிய பாவத்தில் எனக்கும் பங்குண்டு. அதனால் அடுத்த டீக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தேன்.

வாசலுக்குள் வந்த புத்தகம் நேரே அடுக்குக்குப் போய்விடாது. முதலில் அதைத் தனியறையில் போட வேண்டும். மச்சில் கிடந்த பெட்டி என்றால் இராமபாணப் பூச்சி கட்டாயம் இருக்கும். கரையான் இருந்தால் அதைவிட மோசம். யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்த மூன்று பெட்டியைச் சோதிக்காமல் உள்ளே வைத்து, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பக்கத்து அலமாரியில் இருந்த பழைய இதழ்த் தொகுதிகள் மாவாக உதிர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பூச்சி இல்லை என்று உறுதியானால், அதே புத்தகம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அண்ணாச்சியின் அப்பா தலைமுறைத் தமிழாசிரியர் வீடுகளில் பெரும்பாலும் ஒரே மாதிரிப் புத்தகங்கள்தாம். நாலைந்து திருக்குறள் உரை, மு.வ. நாவல் வரிசை, சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகப் பதிப்புகள். திருநெல்வேலிக்காரரிடம் கழகப் பதிப்பின் பெருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நூலகத்தில் அவை ஒவ்வொன்றும் ஆறேழு படி இருக்கும்.

அப்புறம்தான் சேர்க்கைப் பதிவேடு. எங்கள் பேச்சில் அக்சஷன் ரிஜிஸ்டர். அதில் எண் விழுந்துவிட்டால் அந்தப் புத்தகம் நிறுவனத்தின் சொத்து. நாளைக்குத் தணிக்கைக்கு வருகிறவர் எண்ணைச் சொல்லி எங்கே என்று கேட்பார். கிழிந்துவிட்டது, யாரும் எடுப்பதில்லை என்று எடைக்குப் போட முடியாது. அதற்குக் குழு, தீர்மானம், கையெழுத்து என்று ஒரு ஊர்வலமே உண்டு. நூலகர் பட்டியல் கேட்பது திமிரால் இல்லை, இந்தப் பதிவேட்டுக்குப் பயந்துதான்.

எண் போட்டபின் முத்திரை. பிறகு பொருள் பார்த்துப் பகுப்பு எண். பிறகு கணினியில் அட்டவணைப் பதிவு, முதுகில் ஒட்டுத்தாள், பார்கோடு. வேறெந்த நூலகமாவது அதே புத்தகத்தை முன்பே அட்டவணை செய்திருந்தால் அந்தப் பதிவை இறக்கிக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடலாம். பழைய தமிழ்ப் புத்தகத்துக்கு அந்த அதிர்ஷ்டம் குறைவு. என் கைக்கு ஒன்றுக்கு இருபது நிமிஷமாவது ஆகும்.

“பெட்டிக்கு எத்தனை இருக்கும் அண்ணாச்சி?”

“அறுபது இருக்கும்.”

பதினொரு பெட்டிக்கு 660. தலைக்கு இருபது நிமிஷம் என்றால் 220 மணி நேரம். ஓர் ஆள் வேறு எந்த வேலையும் பார்க்காமல் ஒரு மாதத்துக்கு மேல் உட்கார வேண்டும். அந்த ஆள்தான் இல்லை. என்னுடன் வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். வழியனுப்பு விழாவுக்குச் சால்வை வந்தது, அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை.

அட்டவணைப் பதிவு என்று ஒரு சொல்லில் தாண்டிவிட்டேன், ஆனால் வேலையின் உயிர் அதில்தான் இருக்கிறது. புதுமைப்பித்தனை எடுத்துக்கொள்ளுங்கள். இயற்பெயர் சொ. விருத்தாசலம். மாணவர் எந்தப் பெயரைத் தட்டினாலும் அதே அடுக்குக்குப் போய்ச் சேர வேண்டும், அதற்கு யாராவது இரண்டு பெயரையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்க வேண்டும். பல நூலகங்களில் பழைய பதிவுகள் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. அங்கே ‘த’ என்ற ஒலிக்கு ஒருவர் டெல்லிக்குப் போடுகிற எழுத்தைப் போட்டிருப்பார், இன்னொருவர் டோக்கியோவுக்குப் போடுகிற எழுத்தைப் போட்டிருப்பார். பின்னால் எச் உண்டா இல்லையா என்பது அன்றைக்குத் தட்டச்சு செய்தவரின் மனநிலை. மாணவி தான் பழகிய எழுத்தில் தட்டுகிறாள். ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்கிறது திரை. புத்தகம் இருபதடி தூரத்தில் இருக்கிறது.

இன்னொரு கூத்தும் உண்டு. யூனிகோடு வருவதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துருவில் தமிழைத் தட்டினோம். மென்பொருள் மாறியபோது அந்தப் பதிவுகள் எல்லாம் கேள்விக்குறியும் கட்டமுமாக ஆகிவிட்டன. உட்கார்ந்து திருத்தினால் ஒழிய, கணினியைப் பொறுத்தவரை அந்தப் புத்தகங்கள் நூலகத்தில் இல்லை. இந்தத் திருத்த வேலைக்கு நன்கொடை கொடுக்கிறேன் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கல்வெட்டில் போட முடியாத வேலை அல்லவா!

அண்ணாச்சி டீயை எடுத்துவிட்டார். “அப்பம் யாரும் புத்தகமே கொடுக்கக் கூடாதுங்கியா?”

அப்படி இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வாழ்நாளெல்லாம் தமிழ் அச்சு நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வைத்தார், நாடக நோட்டீஸ் உட்பட. 1992-இல் அவர் மறைந்தார். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. வாங்கி அமெரிக்காவுக்கு அள்ளிக்கொண்டு போகவில்லை, சென்னையிலேயே ஒரு ஆராய்ச்சி நூலகமாக்கி வைத்தது. வாங்குவதற்கு ஒரு காசோலை போதும். பிரித்து, பட்டியலிட்டு, மைக்ரோஃபிலிம் எடுத்து, தேடினால் கிடைக்கும்படி செய்வதற்கு வருஷக்கணக்கில் ஆட்கள் உட்கார்ந்தார்கள். இன்று ஆய்வாளர்கள் அங்கே போகிறார்கள் என்றால் அந்த உட்கார்தலுக்கும் யாரோ பணம் கொடுத்ததால்தான்.

“அதனால கழகப் பதிப்பை விடுங்க. உங்க அப்பா வேற என்ன சேர்த்து வச்சிருந்தாங்க? பள்ளிக்கூட ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், உள்ளூர்ச் சங்கத்து நோட்டீஸ், கையெழுத்துப் பத்திரிகை?”

“அது ரெண்டு பெட்டி இருக்கு. குப்பைன்னுல்லா நெனச்சேன்.”

அந்த இரண்டு பெட்டியைப் பற்றித்தான் நூலகரிடம் முதலில் பேசியிருக்க வேண்டும்.

இதுவரை புத்தகத்தின் பக்கம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை வாசகர் பக்கம்.

ஜூலை, ஆகஸ்டு மாதத்தில் எம்.ஏ. முதலாண்டுப் பிள்ளைகள் வருவார்கள். வீட்டில் அதுவரை யாரும் கல்லூரிப் படி ஏறாத பிள்ளைகள் பலர். கதவு வரை வந்து, உள்ளே இருக்கிற அமைதியைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர்களை என் மேஜையிலிருந்து பார்த்திருக்கிறேன். உள்ளே வருகிறவர்களும் இஸ்யூ கவுண்டரில் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்டால் திட்டு விழும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த பாடம். ஒரு மணி நேரம் அடுக்குகளுக்குள் நடந்துவிட்டு வெறுங்கையோடு போவார்கள். எங்கள் கணக்கில் அது ‘வருகை ஒன்று’ என்று பதிவாகும்!

இவர்களுக்கு வேண்டியது பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேச ஓர் ஆள். இந்தத் தலைப்புக்கு எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது, முப்பது பக்க ஆங்கிலக் கட்டுரையில் முதலில் எந்த இரண்டு பக்கத்தைப் படிப்பது, குறிப்பு எப்படி எடுப்பது, அடுத்தவர் கருத்தை எடுத்தால் எங்கே பெயர் சொல்வது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே மேஜை உண்டு, பல இடங்களில் அது நூலகத்துக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் தன் எழுத்து உதவி மையத்தின் கையேடுகளை 1994-இலேயே இணையத்தில் இலவசமாகப் போட்டது. மேற்கோள் குறிப்பு எழுதுவது எப்படி என்று நம்மூர் ஆய்வு மாணவர்கள் இன்றும் அங்கேதான் போய்ப் பார்க்கிறார்கள். கையேடு நல்ல கையேடுதான். ஆனால் ஆங்கிலத்தில் இருக்கிறது, திருப்பிச் சந்தேகம் கேட்டால் பதில் சொல்லாது.

ஆள் இல்லாததன் விளைவை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஆய்வேடு சமர்ப்பிக்கிற நாளில் வந்து பாருங்கள். கருத்துத் திருட்டைப் பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் விதி போட்டது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு பத்து சதவீதம் வரை என்றால் தண்டனை இல்லை. பத்துக்கு மேல் நாற்பது வரை என்றால் திருத்தி ஆறு மாதத்துக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். நாற்பதைத் தாண்டி அறுபது வரை போனால் ஒரு வருஷத்துக்குச் சமர்ப்பிக்கவே முடியாது. அறுபதுக்கு மேல் பதிவே ரத்து. மென்பொருளில் போட்டுப் பார்த்துச் சதவீதம் சொல்வது பல இடங்களில் நூலகத்தின் வேலை. நானும் சொல்லியிருக்கிறேன். முப்பத்தெட்டு என்று சொன்னதும் ஒரு பெண் என் முன்னால் அழுதாள். அவள் திருடவில்லை. புத்தகத்தில் உள்ளதை உள்ளபடியே எழுதினால்தான் முழு மார்க் என்று பன்னிரண்டு வருஷம் பழக்கிவிட்டு, இருபத்தைந்து வயதில் ‘சொந்தமாக எழுது’ என்றால் அவள் என்ன செய்வாள்? திருட்டைப் பிடிக்க நூலகத்துக்கு மென்பொருள் கொடுத்தார்கள். திருடாமல் எழுதக் கற்றுக்கொடுக்க ஓர் ஆளைக் கொடுக்கவில்லை.

“அரசாங்கம் கோடிக்கணக்குல செலவு பண்ணுதுன்னு பேப்பர்ல பாத்தேனே?” என்றார் அண்ணாச்சி. வங்கியில் மேலாளராக இருந்தவர், தொகை மட்டும் மறக்காது.

உண்மைதான். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 முதல் மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். முப்பது பெரிய பதிப்பகங்களின் கிட்டத்தட்ட 13,000 ஆய்விதழ்களை மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களில் படிக்கிறவர்கள் மின்வடிவில் படிக்கலாம். முன்பு நாங்கள் பத்து இதழுக்குச் சந்தா கட்ட நிதி அலுவலரிடம் நடையாய் நடந்ததை நினைத்தால் இது பெரிய காரியம், குறை சொல்ல மாட்டேன். இரண்டு விஷயம் மட்டும். சந்தா வாடகை மாதிரி, கட்டுவதை நிறுத்தினால் கதவு சாத்திவிடும். அடுத்தது, பதின்மூன்றாயிரம் இதழ் திறந்து கிடந்தாலும், அதில் தனக்கு வேண்டிய ஒரு கட்டுரையை எடுக்கத் தெரியாத பிள்ளைக்கு அது பூட்டிக் கிடப்பதும் ஒன்றுதான். ஷோத்கங்கா என்ற இணையதளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தலைப்பு முடிவு செய்யும் முன் அதைப் பார்த்தாயா என்று நான் கேட்ட மாணவர்களில் பாதிப் பேர் அந்தப் பெயரையே முதல் தடவையாகக் கேட்டார்கள்.

இந்த இடத்தில் எங்கள் குலதெய்வத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். நாளெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, பழையபடி பாடம் நடத்தவே போகிறேன் என்று நின்றார். முதலில் லண்டனுக்குப் போய் நூலகப் படிப்பைப் படித்துவிட்டு வா என்று அனுப்பினார்கள். அங்கே ஒரு கடையில் குழந்தைகளுக்கான மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். அதே துண்டுகளை வேறுவேறு விதமாக முடுக்கி வேறுவேறு பொம்மை செய்கிற மாதிரி, பொருள்களையும் கூறுபோட்டு இணைத்துப் புத்தகத்துக்கு எண் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. 1933-இல் வெளியான கோலன் பகுப்பு முறை அப்படிப் பிறந்தது. அமெரிக்கரான டியூயியின் முறையில் ஆங்கில இலக்கியம் 820 என்று கம்பீரமாக நிற்கும், தமிழ் இலக்கியம் ‘பிற மொழிகள்’ என்ற வாலில் 894.811 என்று தொங்கும். கணக்கு வாத்தியார் அதைச் சரியாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் ஊகம்.

அவருடைய ஐந்து விதிகள் 1931-இல் புத்தகமாக வந்தன. நூலகவியல் படிக்கிற பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். நூல் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுத்துவதற்கு என்பது முதல் விதி. வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது நான்காவது. பக்கத்தில் உட்கார்ந்து உதவுகிற அந்த ஆள் இல்லாவிட்டால் இந்த நான்காவதைக் காப்பாற்றவே முடியாது. ரங்கநாதனும் வாசகரையும் நூலையும் சேர்த்து வைக்கிற சேவையைத்தான் நூலகத்தின் தலையாய வேலை என்று கருதினார்.

இனி அண்ணாச்சிக்காக நான் எடுத்து வைத்திருந்த செய்தி. ஓய்வுக்காலத்தில் ரங்கநாதன் தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். 1950-களில் ஒரு லட்சம் என்றால் எவ்வளவு என்று வங்கிக்காரருக்குத் தெரியும். வாழ்நாளெல்லாம் புத்தகத்தோடு இருந்தவர் அதைப் புத்தகம் வாங்கக் கொடுக்கவில்லை, கட்டடத்துக்கும் கொடுக்கவில்லை. மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து நூலகவியலில் ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்தக் கொடுத்தார். சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் உட்காரட்டும் என்று நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஒரு நாற்காலிக்கு என்ன ஆகும்?” என்றார்.

பேராசிரியர் நாற்காலி நமக்குக் கட்டுப்படியாகாது. ஒரு மேஜை கட்டுப்படியாகும். நம்மூர்ப் பல்கலைக்கழகங்களில் அறக்கட்டளைச் சொற்பொழிவுக்குப் பஞ்சமே கிடையாது. அப்பா பெயரில், மாமனார் பெயரில் வைப்பு நிதி போடுவார்கள். வட்டியில் வருஷத்துக்கு ஒரு நாள் ஒருவர் வந்து பேசுவார், பொன்னாடை, படம், மிக்சர், டீ. அதே வைப்பு நிதியை நூலகத்தின் பெயரில் போடலாம்.

பத்து லட்சம். ஏழு சதவீதம் என்று வைத்தால் வருஷத்துக்கு 70,000. மாலை ஐந்து முதல் எட்டு வரை, மாதத்துக்கு இருபது நாள், வருஷத்தில் பத்து மாதம் என்றால் 600 மணி நேரம். முனைவர் பட்ட மாணவர் ஒருவரை மணிக்கு நூறு ரூபாய் கொடுத்து அந்த மேஜையில் உட்கார வைத்தால் 60,000. அவருக்கும் செலவுக்கு ஆகும். எங்கள் சமயத்தில் பரீட்சார்த்தமாக நாலு மாதம் இப்படி ஒரு மேஜை போட்டோம். நூலகரிடம் கேட்கக் கூசிய பிள்ளைகள் ‘அக்கா’ என்று கூப்பிடக்கூடிய ஒருத்தியிடம் போய்க் கேட்டார்கள். ஐந்தாம் மாதம் பணம் இல்லை. மேஜையை ஜெராக்ஸ் மெஷினுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மீதி பத்தாயிரத்துக்கும் வேலை உண்டு. புத்தகத்தைத் தொலைத்துவிட்டு, அதன் விலையும் அபராதமும் கட்ட முடியாமல் நோ டியூ கையெழுத்து வாங்காமல் நிற்கிற பிள்ளை ஒவ்வொரு வருஷமும் உண்டு. மாற்றுச் சான்றிதழே நின்றுவிடும். சில நூறு ரூபாய் விஷயம். அதற்கு ஒதுக்கலாம். மிச்சமிருந்தால் புக் பேங்குக்குப் பாடநூல் வாங்கலாம். ஐம்பது தலைப்பில் ஒவ்வொன்று வேண்டாம், எல்லாரும் தேடுகிற ஒரே பாடநூலில் எட்டுப் படி.

எச்சரிக்கையும் சொன்னேன். காசோலையைப் பல்கலைக்கழகத்தின் பொதுக்கணக்கில் போட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. எந்த வேலைக்கு, யார் ஆளைத் தேர்ந்தெடுப்பது, வட்டி குறைந்தால் எதை நிறுத்துவது என்று பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். வருமான வரியில் நன்கொடைக்கான சலுகை கிடைக்குமா என்று நிதி அலுவலரிடமே கேட்டுவிட வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை கணக்குக் கேட்க வேண்டும், கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பணம் இல்லாதவர்கள் நேரத்தைக் கொடுக்கலாம். ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் பிள்ளைகளின் கட்டுரையைப் படித்துத் திருத்தினால் போதும். நூலகர் ஓர் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

டீக்கடைக்காரர் மூன்றாவது டீ வேண்டுமா என்று கேட்டார். அண்ணாச்சி கணக்கைத் தீர்த்துவிட்டு எழுந்தார்.

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. அண்ணாச்சி தன் கையாலேயே பட்டியல் எழுதிக் கொடுத்தார். 660 புத்தகத்தில் நூலகம் எடுத்துக்கொண்டது நாற்பத்துமூன்று. மலர்களும் நோட்டீஸும் இருந்த இரண்டு பெட்டியை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மீதி, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறது. அறக்கட்டளைக்காகப் பல்கலைக்கழகம் கொடுத்த படிவத்தில் ‘சொற்பொழிவு’ என்று அச்சடித்தே இருந்ததாம். அண்ணாச்சி அதைப் பேனாவால் அடித்து, மேலே ‘மாலை உதவி மேஜை, நூலகம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சிண்டிகேட் ஒப்புதலுக்குப் போயிருக்கிறது.